ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்கிறதாம்

அன்பு மருமகளுக்கு,

உன் அத்தை எழுதிக்கொண்டது. நானும் உன் மாமாவும் சுகம். நீயும் என் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம். அவன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா என்று கேட்க மாட்டேன், கேட்டால் உன்னைக் குறை சொன்னதாக ஆகிவிடும். ஆகவே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கிறேன், நீ உட்காரும்போது அவனும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளட்டும். கடையும் சுகம் என்றுதான் உன் போனில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இன்றைய தேதிக்கு அது உண்மைதான். நடுவில் கொஞ்ச நாள் அது பச்சையும் சிவப்புமாக மாறி மாறிச் சொன்னது எதுவுமே உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீ பாதியிலேயே, "அத்தை, அந்தச் சின்ன விளக்கு எரியுதா, மினுக்குதா?" என்று கேட்கிறாய். நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் எதற்குக் கூப்பிட்டேன் என்பது எனக்கே மறந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. உன் ஆபீசுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நம் ரொட்டிக் கடையைத்தான் உதாரணமாகக் காட்டுகிறாய் என்று பிள்ளை சொன்னான். அப்படிப்பட்ட கடையிலிருந்து, "இதையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விடு கண்ணு" என்று வாயால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பேனாவால் சொல்லிவிட்டேன். இனி விவரம்.

நீ வந்து அந்த வெள்ளைப் பெட்டிகளை ஒட்டிவிட்டுப் போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சோப்புக் கட்டி அளவுதான். கம்பியும் இல்லை, கயிறும் இல்லை. மாவு உப்புவதற்கு வைக்கும் சின்ன அறையில் ஒன்று, மாவு மூட்டை அறையில் ஒன்று, பெரிய ஃபிரிட்ஜின் கதவில் ஒன்று. அன்று நீ அடுப்படி மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னது: "இதுல என்ன விசேஷம்னா அத்தை, நான் எழுதினது எந்தக் கம்பெனிப் பெட்டியையும் நம்பி இல்ல. இன்னிக்கு இந்தப் பெட்டி, நாளைக்கு வேற பெட்டி. அது வைஃபையில பேசட்டும், புளூடூத்துல பேசட்டும், நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன். மேல இருக்கிற புரோகிராமுக்குத் தெரிய வேண்டியது சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, கதவு திறந்திருக்கா, அவ்வளவுதான். யார் சொன்னாங்கன்னு அதுக்குக் கவலையே இல்ல." யார் சொன்னார்கள் என்றே பார்க்காமல் எல்லாவற்றையும் நம்புகிற ஆளுக்கு நம் வீட்டில் வேறு பெயர் உண்டு. நீ புது மருமகள் என்பதால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

நீ சொன்னதை நான் முழுதாகக் கேட்டேன். உன் மாமா காதில் விழுந்தது "எந்தப் பெட்டியானாலும் சரி" என்பது மட்டும். அவரைப் பற்றி உனக்குத் தெரியும்: லிஃப்ட் மெக்கானிக்காக வாழ்நாள் முழுக்க மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதிலிருந்து எங்கே நிற்பது என்று தெரியாமல் என் அடுப்புக்கும் மேடைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மாவுத் தூசி ஏறி உன் முதல் பெட்டி செத்ததுதான் தாமதம், மனுஷனுக்குப் புது வாழ்வு வந்துவிட்டது. பழைய எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வந்தார். மீன் தொட்டிக்கு வைப்பது, பூந்தொட்டியில் செருகுவது, மூடிப்போன ஏதோ ஹோட்டலின் கதவுகளிலிருந்து பிடுங்கியது என்று ஊர்ப்பட்ட சாதி. ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தானை அமுக்குவார், விளக்கு மினுக்கும், போனில் 'புதிய கருவி இணைந்தது' என்று வரும், உடனே கை தட்டுவார். "மருமக சொன்னா சொன்னதுதான். பாரு, எதைக் குடுத்தாலும் சாப்பிடுது!" உன் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கும் பெருமைதான், அதை ஒளிக்கவில்லை. ஆனால் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தாய் நிம்மதியாக இருக்க முடியுமா?

முதலில் மீன் தொட்டி விவகாரம். அது உனக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். மாவு உப்பும் அறையில் அந்த மீன் தொட்டிக் கருவியைத் தொங்கவிட்டார். அது எண்பத்திரண்டு என்றது. உன் புரோகிராம் பதறிப்போய், சூடேற்றியை அணைத்து, விசிறியைச் சுழலவிட்டு, எங்கள் இருவருக்கும் மணி அடித்து, தூரத்தில் இருக்கும் உனக்கும் அடித்தது. எண்பத்திரண்டில் மாவு உப்பாது கண்ணு, வெந்துவிடும். நான் கதவைத் திறந்து பார்த்தால் அறை இதமாக இருக்கிறது, விசிறிக் காற்றில் மாவு மட்டும் மழையில் நனைந்த பூனை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. அப்புறம்தான் நீ, "அது வேற அளவுல பேசுது அத்தை, ஃபாரன்ஹீட். எந்த அளவுன்னு கேக்காம விட்டது என் தப்பு" என்று சொல்லி அங்கிருந்தபடியே சரிசெய்தாய். அன்றைய ரொட்டி எல்லாம் செருப்பு மாதிரி தட்டை. தெருக்கோடி பள்ளிக்கூட டீச்சர் மறுநாள் வந்து அந்தத் தட்டை ரொட்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தது தனிக் கதை.

அடுத்தது பூந்தொட்டிக் கருவி. அதை மாவு மூட்டை அறையில் வைத்தார். போனில் எல்லாம் சரியாகத்தான் காட்டியது, ஆனால் அந்தக் கருவிக்குச் சொந்தமாகவும் ஒரு வாய் இருந்தது. செடிக்குத் தண்ணீர் இல்லையென்றால் கத்தும்படி யாரோ அதை வளர்த்திருக்கிறார்கள். மாவு மூட்டை அறையில் ஏது தண்ணீர்? நாள் முழுக்கத் தாகத்தில் கீச்கீச் என்று அழுதது. உன் மாமா இளகிய மனசுக்காரர், தாங்க முடியாமல் ஒரு ஈரத்துணியை எடுத்து அதன் மேல் போர்த்தினார். அது சமாதானமாகிவிட்டது. உன் புரோகிராம் ஆரம்பித்துவிட்டது: மாவு நனைகிறது, மாவு நனைகிறது! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூட்டை அத்தனையையும் முற்றத்தில் வெயிலுக்கு இழுத்துப் போட்ட பிறகு ஈரத்துணியோடு வந்து நிற்கிறார், "இதைப் போய்ப் பெருசு பண்றியே" என்று.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது ஃபிரிட்ஜ் கதவு.

நம் கடையில் மாவு பிசைகிறவரை உனக்குத் தெரியும். ரேடியோ. அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது, வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். கை மாவில் இறங்கியதும் அவர் வாய் திறந்துவிடும். தன் முழங்கால் வலி, தன் அக்காள் வீட்டுப் பூனை, கப்பல் வேலைக்குக் கிளம்பிய தன் மச்சானின் கதை என்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் பாதியைக் கேட்பேன், பாதியைக் கேட்காமல் விடுவேன், கடை நடக்கும். ஃபிரிட்ஜ் பக்கம் போகிற வேலையும் பெரும்பாலும் அவருடையதுதான்.

உன் மாமா அந்த ஃபிரிட்ஜுக்குப் புதிதாக ஒரு கதவுப் பெட்டியை ஒட்டினார். அன்று முதல், கதவு ரொம்ப நேரம் திறந்திருக்கிறது என்று போன் அடிக்க ஆரம்பித்தது. நான் மேடையை விட்டு ஓடுவேன், கதவு மூடியிருக்கும். திரும்பி வருவேன், சற்று நேரத்தில் மறுபடி அடிக்கும். நீயும் அங்கிருந்து, "ரப்பர் தேஞ்சிருக்கும் அத்தை" என்று எழுதினாய், மாமா புது ரப்பர் மாட்டினார், அப்போதும் அடித்தது. ரேடியோ சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது அடிக்கிறது என்பதையும் கவனித்தேன். நான் போட்ட கணக்கு என்ன தெரியுமா? இந்த மனுஷன் பேச்சு மும்முரத்தில் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் மூடுகிறார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஃபிரிட்ஜை எதுக்கு அப்படித் திறந்து போடறீங்க?"

"நான் திறக்கலியேம்மா. இங்கதானே நிக்கிறேன், முழங்கை வரைக்கும் மாவு."

"போன் சொல்லுதே."

"போன் சொல்லுதா?" அவர் கையை மாவிலிருந்து எடுத்தார். "அப்ப நான் பொய் சொல்றேனா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர், "இந்தக் கடையில நான் பேசாத பேச்சு இல்லம்மா. பொய் மட்டும் பேசினதில்ல" என்றார். அதற்கப்புறம் பேசவில்லை. நாள் முழுக்க வாய் திறக்காமல் பிசைந்தார். மறுநாளும் அப்படியே. கடைக்குள் அடுப்பு இரைகிற சத்தம் எனக்கு அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டது. அதற்கு மறுநாள் மேலங்கியை மடித்து மேடைமேல் வைத்துவிட்டு, "கதவு சொல்றபடி கடையை நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு நாங்கள் பட்ட பாட்டை எழுத இந்தத் தாள் போதாது. நான் பிசைந்தேன், மணிக்கட்டு வீங்கியது. உன் மாமா பிசைந்தார், லிஃப்ட் கம்பியைத் திரிப்பது போல் மாவைத் திரித்தார். ரொட்டியும் கம்பி மாதிரியே வந்தது. வாடிக்கைக்காரர்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, ரொட்டியை எடுத்து ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "ரேடியோ எங்கே?" என்று கேட்டார்கள். இதில் என்னை நிஜமாகவே உலுக்கிய விஷயம் எது என்றால், அவர் போன பிறகும் போன் அடித்தது. முன்பைவிட அதிகமாக அடித்தது!

எலி என்றார் உன் மாமா. எலி எப்படி ஃபிரிட்ஜைத் திறக்கும் என்றேன். காற்று என்றார். கடைசியில் இரண்டு முக்காலியை ஃபிரிட்ஜுக்கு எதிரே போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். கதவு சிக்கென்று மூடியிருக்கிறது. நான்கு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன் அடித்தது: ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்கிறது. உன் மாமா என்னைப் பார்த்தார். "நான் நகரவே இல்ல" என்றேன். அவர் மறுபடி கதவைப் பார்த்து, போனைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நாமதான் தப்பாப் பாக்கறோமோ?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உறைத்தது. எதிரே மூடியிருக்கும் கதவையே இவரால் நம்ப முடியவில்லை. எதிரே நின்ற மனுஷனை நான் நம்பாததில் என்ன ஆச்சரியம்?

விடை ரொட்டி வாங்க வந்தது. மாடியில் தையல் கடை வைத்திருக்கிறாரே, அந்தத் தையல்காரம்மா. ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே, "என்னங்க, அவர் எப்ப வருவார்? கடையே நல்லா இல்ல" என்றார். யார் என்று கேட்டேன். "உங்க ரேடியோதான். அவர் பேச ஆரம்பிச்சா நான் பின்பக்க ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுத்தான் தைப்பேன். இப்ப ஆளையே காணோம். இன்னிக்காவது வந்திருப்பாரான்னு அடிக்கடி திறந்து திறந்து பாக்கறேன்."

உன் மாமா மாவுக் கையோடு உள்ளேயிருந்து மெல்ல வந்தார். முகம் சரியில்லை. "ஏம்மா, பூனை வருதுன்னு சொன்னீங்களே, ஜன்னலுக்கு ஒரு பெட்டி குடுத்தேனே. நான் வந்து மாட்டித் தரேன்னு சொன்னேன்ல?"

"நீங்க எங்க வந்தீங்க? அன்னிக்கே நானே ஒட்டிட்டேன். ரொம்ப நல்லா வேலை செய்யுது, பூனை வரவே இல்ல."

புரிகிறதா கண்ணு? உன் மாமா அந்தப் பழைய ஹோட்டல் சாமானில் ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, இன்னொன்றைப் பூனைக்காக மாடிக்குக் கொடுத்துவிட்டு மறந்துபோயிருக்கிறார். இங்கே இவர் பொத்தானை அமுக்கி 'யாரப்பா இருக்கீங்க' என்று கேட்ட நேரத்தில், மேலே அந்தம்மா ஜன்னலை ஆட்டிப் பார்த்திருக்கிறார். மாடிப் பெட்டி முந்திக்கொண்டு, நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது. உன் புரோகிராமுக்கு யார் சொன்னால் என்ன? சரி வா, நீதான் ஃபிரிட்ஜ் என்று சேர்த்துக்கொண்டது. லிஃப்ட்டில் ஆளை ஏற்றுமுன் வெறும் பெட்டியை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்த மனிதர், ஃபிரிட்ஜை ஒரு தரம் சும்மா திறந்துவைத்துப் பார்க்கவில்லை, 'இணைந்தது' என்று வந்ததுமே கை தட்டிவிட்டார்.

உடனே தெருவே வேடிக்கை பார்க்கும்படி ஒரு பரீட்சை நடந்தது. தையல்காரம்மா மேலே போனார். உன் மாமா முற்றத்தில் நின்று, "திறங்க!" என்று கத்துவார், சற்றுப் பொறுத்துப் போன் அடிக்கும். "மூடுங்க!" என்பார், அடங்கும். இப்படி அவர் மனம் ஆறும் மட்டும் நடந்தது. எனக்கு முதல் தடவையிலேயே போதும் போதும் என்றாகிவிட்டது. ரேடியோ பேசும்போதெல்லாம் அடித்த மணி, அவர் பேச்சைக் கேட்க ஒரு ஆள் மேலே ஜன்னலைத் திறந்ததற்கான மணி. அதை வைத்து அவரையே பொய்யனாக்கிவிட்டேன்.

கடையை அப்படியே பூட்டிக்கொண்டு மூன்று பேரும் அவர் அக்காள் வீட்டுக்குப் போனோம். அந்த அக்காள் வாசலிலேயே, "வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசலங்க, டாக்டர்கிட்ட காட்டலாமான்னு பாக்கறோம்" என்றார். உள்ளே அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "தப்பு என்னோடது. போன் சொன்னதைக் கேட்டேன், நீங்க சொன்னதைக் கேக்கல" என்றேன். சுவரையே பார்த்தார். உன் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெட்டி, மொழிபெயர்ப்பாளர், வைஃபை, எந்தக் கம்பெனியானாலும் சரி என்று நீ சொன்னதை எல்லாம் விளக்கினார். விளக்க விளக்க அவர் இன்னும் இறுகிப்போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது தையல்காரம்மா நடுவில் புகுந்தார்.

"அதெல்லாம் கிடக்கட்டும். உங்க மச்சான் பெட்டியும் படுக்கையுமா துறைமுகத்துக்குக் கிளம்பினாரே, போனாரா இல்லியா? பாதியில நிறுத்திட்டுப் போயிட்டீங்க. கை வெக்காம ஒரு சட்டை அப்படியே கிடக்குது மேல."

பிறகு சுவரைப் பார்த்தபடியே, "போனான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா கப்பல் ஏறல" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "அதுல என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தவர் அங்கிருந்து கடை வரும்வரை நிறுத்தவில்லை. நான் கடையைத் திறந்தபோது மச்சான் இன்னும் துறைமுக வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். அந்தம்மா மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்தார், போன் அடித்தது, நாங்கள் யாரும் அசையவில்லை.

ஆகவே கண்ணு, கேட்டுக்கொள்வது இதுதான். உன்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. நீ எழுதியதில் பிழை இருக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். எனக்கு அதைச் சொல்லத் தெரியாது, நீ சரிசெய்தும் விடுவாய். பிழை என்னிடம். போனில் ஒரு வரி வந்தால் போதும், கண்ணெதிரே இருப்பது எனக்கு மங்கிவிடுகிறது. உன் ஆபீஸ்காரர்களிடம் உதாரணம் காட்ட மருந்துக் கடையோ, பழக் கிடங்கோ வேறு நல்ல இடம் கிடைக்கும். அடுத்த முறை வரும்போது எல்லாப் பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போய்விடு. ஃபிரிட்ஜ் திறந்திருக்கிறதா என்று நானே எட்டிப் பார்த்துக்கொள்கிறேன், என் இடுப்புக்கும் அது நல்லது. மாமாவிடம் மட்டும் பக்குவமாகச் சொல்.

நீ கை வைத்த வேலையெல்லாம் தடங்கல் இல்லாமல் ஓடட்டும். உடம்பைப் பார்த்துக்கொள். என் பிள்ளை உன்னிடம் குரலை உயர்த்தினால் எனக்கு ஒரு வரி எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் ஆசிகள். தையல்காரம்மாவும் உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு,
உன் அன்பு அத்தை

பின்குறிப்பு: மேலே கண்டதை எழுதி, தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். நான் படித்துக் காட்டியதும் உன் மாமா ரோஷப்பட்டு எல்லாப் பெட்டிகளையும் அன்றே கழற்றி ஒரு மாவுப் பைக்குள் கட்டிவிட்டார். இன்று காலை வெண்ணெய் எடுக்க ஃபிரிட்ஜுக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து ரேடியோவின் கதையில் மச்சான் துறைமுகத்தில் யாரோ ஒருவர் கல்யாணத்துக்குள் புகுந்துவிட்டான், கால் வேர்விட்டது போல் வெண்ணெயும் கையுமாக மேடையருகே நின்று கேட்டேன், உன் மாமாவும் கேட்டார், மேலே ஜன்னலும் திறந்திருந்தது. கதை முடிந்து திரும்பினால் ஃபிரிட்ஜ் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. வாரத்துக்கு வைத்திருந்த வெண்ணெய் தரையில் ஓடுகிறது. நாளைக்கென்று வைத்த மாவு உப்பி, தட்டுத் தட்டாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருக்கிறது. திறந்து போட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான்தான். நானே சொல்லியும் விட்டேன். ரேடியோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "போன் ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார். சீக்கிரம் கிளம்பி வா கண்ணு, வந்து மாட்டிவிட்டுப் போ.